வாவியும் விடுமுறை நாளும் ஒரு சிறுமியும்

மட்டக்களப்பு நாட்டு முதியோர் கிழக்கு என்றும் மேற்கு என்றும் சொல்வது அரிது. கதிரவன் எழும் பக்கம் அவர்களுக்கு எழுவான்கரை. அவன் படும் பக்கம் படுவான்கரை. இவ்விரு கரைகளுக்கும் நடுவே, வடக்கிலிருந்து தெற்காக, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது வாவி. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலமே எழுவான்கரை. தென்னந்தோப்புகளும் மீன்பிடித் துறைகளும் கடைத்தெருக்களும் பாடசாலைகளும் அங்கே நெருங்கியிருக்கின்றன. படுவான்கரையோ பரந்த வயல் நிலம். நெல்லும் எருமையும் தயிர்ச்சட்டியும் அங்கிருந்து வருவன. மறுகரையின் அரிசியை உலையிலிட்டு, இக்கரையின் மீனைக் கறியாக்கி உண்டு வளர்ந்தவர்களே இந்நாட்டு மக்கள்.

கல்லூரியிற் புவியியல் கற்பிக்கும் எமக்கு இந்நாட்டின் படம் மனப்பாடம். ஆயினும், ஆறு வயது மகள் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் அப்படத்தின்மேல் நடக்கத் தொடங்கிய பின்னர், எந்தப் படத்திலும் குறிக்கப்படாத பல செய்திகள் எமக்குத் தெரியவந்துள்ளன. குடும்பத்தோடு இப்பகுதிக்கு வர எண்ணும் அன்பர்களுக்கும், இங்கேயே வாழ்ந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தனிவகுப்புக்கும் கைத்தொலைபேசிக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும் அன்பர்களுக்கும் அவற்றை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர்களைத் தேடும் பயணம்

எம் மகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர்ப்பெயர் எதைக் கேட்டாலும் அதை அப்படியே நம்புவாள். புளியந்தீவு என்றால் அங்கே புளியமரம் நிற்க வேண்டும். தாளங்குடாவில் தாளம் கேட்க வேண்டும். ஓட்டமாவடியில் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முதன்முறை ஓட்டமாவடியைக் கடந்தபோது, பஸ் வண்டியின் யன்னலில் முகத்தைப் பதித்து நெடுநேரம் பார்த்தாள். ஒரு முதியவர் பீடி புகைத்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார். “இவருக்கு ஓட ஏலாது போல” என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இவ்வழக்கத்தைத் திருத்த வேண்டுமென்று உறவினர் சிலர் சொன்னார்கள். எமக்கு அஃது உடன்பாடன்று. மக்கள் தாம் கண்டதைக் கொண்டுதான் ஊர்களுக்குப் பெயரிட்டார்கள். மரமும் குடாவும் மேடும் வெளியும் ஒருகாலத்தில் அங்கே இருந்தமையாலேயே இப்பெயர்கள் பிறந்தன. பெரியவர்கள் பெயரைச் சொல்லிப் பொருளை மறந்துவிடுகிறார்கள். குழந்தை பொருளைக் கேட்கிறது. ஆதலால் எமது சனிக்கிழமைகள் பெயர்களின் பொருளைத் தேடும் பயணங்களாக மாறின.

புளியந்தீவிலிருந்து தொடங்குவதே முறை. நகரின் பழைய பகுதியாகிய இது வாவி சூழ்ந்த சிறு தீவு. 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் இலங்கையில் முதன்முதல் வந்திறங்கியது மட்டக்களப்புக் கரையிலேயாம். போர்த்துக்கீசர் 1628இல் இத்தீவிற் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். நெடுங்காலம் அக்கோட்டைக்குள்ளேயே கச்சேரி இயங்கியது. 1814இல் மெதடிஸ்த சபைப் போதகர் வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய துறையும் அருகேதான் உள்ளது. அவர் இங்கு வாழ்ந்தது ஓராண்டுக்குக் குறைவே. ஆனால் அவர் தொடக்கிய பள்ளி இரண்டு நூற்றாண்டைக் கடந்து இன்றும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக விளங்குகிறது.

இவ்வளவையும் கோட்டை மதிலின் நிழலில் இருந்து எடுத்துரைத்தோம். எம் மகள் கவனமாகக் கேட்டாள். “மறுகா?” என்றாள். மட்டக்களப்பார் “பிறகு” என்பதற்கு வழங்கும் சொல் அது. எங்கள் பிள்ளைகள் வாயில் அஃது ஒரு சொல்லாக மட்டும் நில்லாது. கதை சொல்பவனை விடாது துரத்தும் சாட்டையுமாகும். போர்த்துக்கீசர் வந்தார்கள், மறுகா? ஒல்லாந்தர் வந்தார்கள்; மறுகா? ஆங்கிலேயர் வந்தார்கள், போனார்கள்; மறுகா? “மறுகா நாங்கள் வந்திருக்கிறோம், மகள்” என்று முடித்தோம். அவள் அதை ஏற்றுக்கொண்டு, நாம் எப்போது போவோம், பசிக்கிறது என்றாள். நான்கு நூற்றாண்டுச் சரித்திரம் ஒரு வடையோடு நிறைவெய்தியது.

கல் நந்திக்குப் புல்

படுவான்கரைக்குப் போக முற்காலத்தில் ஓடம் ஒன்றே துணை. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்ட பின்னர், கொக்கட்டிச்சோலைக்குச் சிறு பிள்ளைகளோடு போய்வருவது எளிதாயிற்று. பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் இருபுறமும் கண்டல் மரங்கள் நீருக்குள் வேரூன்றி நிற்பதைக் காணலாம். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அவ்வேர்களுக்கிடையே வளர்கின்றன. கண்டல் அழிந்தால் வலை வெறுமையாகும் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதனினும் நல்ல வகுப்பறை கிடையாது.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தில் ஒரு கல் நந்தி உண்டு. பறங்கியர் ஆட்சிக் காலத்தில், கோயிலை இடிக்க வந்தவன் முன்னிலையில் அந்நந்தி எழுந்து புல் உண்டது என்பது ஐதிகம். இக்கதையை வழியிற் சொன்னது எம் மனைவி. கோயில் வாயிலை அடைந்ததும் எம் மகளைக் காணவில்லை. வீதியோரத்தில் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கைப்பிடி அறுகம்புல்லை நந்தியின் முன் வைத்துவிட்டு, கூப்பிய கையோடு காத்திருந்தாள். பூசை முடிந்தது, அன்னதானம் முடிந்தது, புல் அப்படியே இருந்தது.

“அப்பா, நந்தி தின்னல்ல.”

“இப்போது அவருக்குப் பசியில்லை, மகள்.”

“கெட்ட ஆக்கள் வந்தாத்தான் பசிக்குமோ?”

சைவ சித்தாந்தம் கற்றவரும் உடனே விடை சொல்லத் திகைக்கும் வினா அது. அடுத்த மாதம் மீண்டும் போனபோது, நந்தியின் முன் புல் இல்லாதிருப்பதைக் கண்டு துள்ளிக் குதித்தாள். வீதியில் ஆடுகள் சில மேய்ந்துகொண்டிருந்தன. நாம் அவற்றைப் பார்த்தோம். எம் மனைவி எம்மைப் பார்த்தாள். நாம் வாய் திறக்கவில்லை.

அமிர்தகழி மாமாங்கேச்சரத்திலும் இத்தகையதே கதி. இலங்கையை எரித்த அனுமன் தன் வாலின் நெருப்பை அங்குள்ள தீர்த்தக்குளத்திலே தணித்தான் என்று ஊர்க்கதை ஒன்று வழங்குகிறது. தண்ணீர் கொதித்ததா, மீன்கள் வெந்தனவா, அனுமன் அவற்றிடம் மன்னிப்புக் கேட்டானா என்று மூன்று வினாக்கள் எழுந்தன. ஆடி அமாவாசையன்று அக்குளத்திலே பெருந்திரளாக மக்கள் தீர்த்தமாடுவர். தந்தையை இழந்தோர் பிதிர்க்கடன் செய்யும் நாள் அது. அந்நாளில் எம் மனைவியும் படியில் இறங்கி மூன்று முறை தலைமூழ்கி எழுவாள். பிள்ளையை மட்டும் படிக்கு அருகே விடுவதில்லை.

தண்ணீருக்கு ஒரு கட்டளை

இங்கே வாசகர் ஒன்றை அறிதல் வேண்டும். எம் வீட்டில் ஒரு கட்டளை இருந்தது. பிள்ளை தண்ணீரைப் பார்க்கலாம், தொடக்கூடாது. வாவிக்கரைக்குப் போகலாம்; செருப்பைக் கழற்றக்கூடாது. கட்டளையிட்டவள் எம் மனைவி. அவள் பிறந்து வளர்ந்த ஊர் நாவலடி.

நாவலடியை அறியாதார்க்கு ஒரு சொல். கல்லடிக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக, விரல்போல் நீண்ட மணற்றிட்டில் அமைந்த ஊர் அது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி விடுமுறை நாளும் அதுவே. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை எமது கரையை அடைந்தது. இலங்கை முழுவதும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. முன்னும் நீர், பின்னும் நீர் என்றிருந்த நாவலடியிலே ஓடுதற்கு இடமில்லாதிருந்தது. அயலிலுள்ள திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அன்று சரிந்தது. சரிந்தபடியே நின்று அந்நாளைப் பலருக்கு நினைவூட்டியது. எம் மனைவி முதல் நாள் மாலை புளியந்தீவில் ஓர் உறவினர் வீட்டுக்கு வந்திருந்தமையால் உயிர் தப்பினாள். அவளுடைய தந்தையாரும் தங்கையும் தப்பவில்லை. அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது.

அதன் பின்னர் எங்களுக்குத் திருமணம் நடந்து, நெடுங்காலம் காத்திருந்து, நாற்பதை எட்டும் வயதில் இந்தப் பிள்ளை கிடைத்தாள். கிடைத்த பிள்ளையோ தண்ணீரைக் கண்டால் தாயை மறப்பவள். மழை பெய்தால் முற்றத்தில் நிற்பாள். குளிக்கும் வாளியில் காகிதத் தோணி விடுவாள். மீன்கறியைத் தட்டிலிட்டால், “இது எந்தப் பக்கம் நீந்தினது?” என்று கேட்பாள். பொருள் தேடிய ஊர்ப்பெயர்களில் ஒன்றுக்கு மட்டும் அவளுக்கு விடை கிடைக்கவில்லை. “நாவலடியில நாவல் மரம் எங்க நிக்குது?” என்று தாயிடம் பலமுறை கேட்டிருக்கிறாள். தாய் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

இது எம் வீட்டுக் கதை மட்டுமன்று. இக்கரையோரத்திலே கடலுக்கு முதுகு காட்டி வளர்ந்த பிள்ளைகள் பலர். பெற்றோரின் அச்சம் பிள்ளைக்குச் சொல்லாமலே போய்ச் சேர்கிறது. காரணம் சொல்லப்படாத அச்சம் ஒருவரையும் காப்பதில்லை. நீச்சல் அறியாத பிள்ளைக்குக் கடலும் ஆபத்து, குளமும் ஆபத்து, மாரிகாலத்து வெள்ள வாய்க்காலும் ஆபத்து. தண்ணீர் சூழ்ந்த நாட்டில் தண்ணீரை அறியாது ஒரு பிள்ளையை வளர்த்துவிட முடியுமா? இவ்வினாவே எம்மையும் மனைவியையும் பல இரவுகள் உறங்கவிடாது செய்தது.

ஒரு தீவு சொன்ன கதை

இந்தோனேசியாவில் சிமெலுவே என்றொரு தீவு உண்டு. 2004ஆம் ஆண்டு நில அதிர்ச்சியின் மையத்துக்கு மிக அண்மையில் இருந்த நிலப்பகுதிகளுள் அஃது ஒன்று. அலை அத்தீவை அடைய அரைமணி நேரமும் செல்லவில்லை. ஆயினும், ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் ஏழு பேர் மட்டுமே. காரணம், 1907ஆம் ஆண்டில் அங்கே ஒரு பேரலை எழுந்து பலரைக் கொண்டுபோயிற்று. தப்பியவர்கள் அதனை மறக்க விரும்பவில்லை. ‘சிமொங்’ என்று அதற்குப் பெயரிட்டு, தாலாட்டிலும் கதையிலும் சேர்த்தார்கள். பூமி பலமாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு என்பதே அக்கதையின் சாரம். தொண்ணூற்றேழு ஆண்டுகளுக்குப் பின் பேரப்பிள்ளைகள் அதை நம்பி ஓடினார்கள், பிழைத்தார்கள்.

தாய்லாந்தின் புக்கெற் தீவிலும் அதே நாளில் இதற்கிணையான ஒரு நிகழ்ச்சி நடந்தது. தில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி பெற்றோருடன் விடுமுறை கழிக்க அங்கு வந்திருந்தாள். கடல் நுரைத்து விபரீதமாக நடந்துகொள்வதைக் கண்டதும், இரண்டு வாரங்களுக்கு முன் பள்ளியிற் புவியியற் பாடத்திலே கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. அவள் பிடிவாதமாக எச்சரித்தமையால் அக்கடற்கரை முழுவதும் வெறுமையாக்கப்பட்டு, அங்கிருந்தோர் காப்பாற்றப்பட்டனர்.

எமது கரைக்கு அத்தகைய தாலாட்டு இருக்கவில்லை. கடல் உள்வாங்கியபோது, துடித்த மீன்களைப் பொறுக்கப் பல இடங்களில் பிள்ளைகள் ஓடினார்கள். இன்று நிலைமை வேறு. 2005ஆம் ஆண்டில் நாட்டில் அனர்த்த முகாமைக்கெனச் சட்டம் இயற்றப்பட்டு நிலையம் அமைந்தது. இந்துமாகடல் நாடுகளுக்கிடையே எச்சரிக்கை முறையும் ஏற்பட்டது. 2012 ஏப்ரில் 11ஆந் திகதி சுமாத்திராக் கடலில் மீண்டும் பெரிய அதிர்ச்சி நிகழ்ந்தபோது, எச்சரிக்கை கேட்டுக் கரையோர மக்கள் உள்ளே விலகினார்கள். அன்று பெரிய அலை வரவில்லை; ஓடியது வீணுமில்லை. எனினும், எந்தக் கோபுரத்து ஒலிபெருக்கியையும்விடத் தாயின் வாய்ச்சொல்லே பிள்ளையின் காதில் நெடுநாள் நிற்கும்.

இக்கதைகளை ஓர் ஞாயிறு பிற்பகல் எம் மனைவிக்குச் சொன்னோம். மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். மனைவி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு மகளைப் படுக்கவைக்கும்போது, வழக்கமான நரிக்கதைக்குப் பதிலாக, “ஒரு நாள் கடல் உள்ள போயிற்றாம்” என்று அவள் தொடங்குவது எமக்குக் கேட்டது. “மறுகா?” என்றது சிறு குரல்.

பாசிக்குடாவில்

நீச்சல் பழக்க வாவி ஏற்றதன்று என்பதை வருவோர் அறிந்துகொள்ள வேண்டும். வாவியில் முதலை உண்டு, சேறும் உண்டு. பிள்ளைகளுக்கேற்ற நீர், நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்திலுள்ள பாசிக்குடாக் கடலே. வளைந்த குடாவாகையால் அலை அடங்கியிருக்கும். நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாத இடங்கள் உண்டு. வடகீழ்ப் பருவமழை கொட்டும் நவம்பர் முதல் சனவரி வரையான காலத்தைத் தவிர்த்துவிடல் நன்று. காலை வேளையே உகந்தது. பிட்டும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வாழைச்சேனைப் பக்கம் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் குளித்துக் கரையேறலாம்.

அங்கே ஒரு சனிக்கிழமை நடந்ததை இன்னும் எம் உறவினர் சொல்லிச் சிரிக்கிறார்கள். மகளை இடுப்பளவு நீரில் மிதக்கப் பழக்கிக்கொண்டிருந்தோம். எம் மனைவி கரையில், நனைந்த மணலுக்கு இரண்டு முழம் தள்ளி, சேலையை இறுகப் பற்றிக்கொண்டு நின்றாள். சற்றே பெரிய அலை ஒன்று வந்து திரும்பியது. திரும்பும் அலை காலடி மணலை இழுத்துக்கொண்டு போவது இயல்பு. ஆனால் எம் மகள் அதைக் கண்டதும் எம் கையை உதறினாள்.

“கடல் உள்ள போகுது! ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!”

கத்திக்கொண்டே கரைக்கு ஓடினாள். குளித்துக்கொண்டிருந்த அயல்நாட்டார் இருவர் திகைத்து நின்றனர். ஐஸ்கிறீம் விற்பவர் மணியை நிறுத்தினார். அவளோ எவரையும் பார்க்காமல் நேரே தாயிடம் ஓடி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தென்னைகளுக்கப்பால் உள்ள மேட்டுக்கு ஏறினாள். அங்கு நின்று, மூச்சிரைக்க, “அம்மா, இனிப் பயமில்ல” என்றாள்.

கரையிலிருந்தோர் சிரித்தார்கள். எம் மனைவி சிரிக்கவில்லை. மகளை அணைத்தபடி நெடுநேரம் அம்மேட்டில் நின்றாள். பின்னர் இறங்கி வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கணுக்கால் நனையும்வரை கடலுக்குள் நடந்தாள். மகளுக்கு வருகிற அலைக்கும் போகிற அலைக்கும் வேறுபாடு காட்டினாள். கடல் ஒவ்வோர் அலையிலும் சிறிது பின்வாங்கும்; அது மூச்சு விடுவது போன்றது. தரை வெளியே தெரியும்படி, மீன் துடிக்கும்படி, நெடுந்தூரம் உள்வாங்கினால் மட்டுமே ஓட வேண்டும். புவியியல் கற்பிக்கும் நாம் இதனை இதைவிடத் தெளிவாக விளக்கியிருக்க மாட்டோம்.

துடுப்பிலே காது வைத்து

மட்டக்களப்பைப் பற்றி எழுதப் புகுந்து மீன்பாட்டைச் சொல்லாமல் விட்டால் இந்நாட்டார் பொறுக்கமாட்டார். பௌர்ணமியை அண்டிய இரவுகளில், மழையற்ற மாதங்களில், கல்லடிப் பாலத்தின் அருகே வாவியிலிருந்து மெல்லிய இசை கேட்கும் என்பது தொன்றுதொட்ட செய்தி. 1848 செப்டெம்பரில் இங்கு வந்த ஆங்கில அதிகாரி எமர்சன் தெனன்ற் அதைத் தோணியிலிருந்து கேட்டு, 1859இல் வெளியிட்ட தம் நூலில் விரித்தெழுதினார். மீனவர் அவரிடம் காட்டியது மீனையன்று, ஊரியை. 1950களில் இங்குப் பணிபுரிந்த அமெரிக்க இயேசு சபைக் குருமார் அவ்வோசையை ஒலிப்பதிவு செய்தனர். பின்னர் அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. சுவாமி விபுலாநந்தர் அதனை நீரர மகளிர் இசையாகக் கற்பனை செய்து பாடினார். யாழ் நூல் தந்த அம்மகான் 1947இல் மறைந்தார். கல்லடி உப்போடையில், வாவிக்கு அண்மையிலேயே, அவருடைய சமாதி அமைந்திருக்கிறது. சில மீன்கள் தம் காற்றுப் பையைச் சூழ்ந்த தசைகளை அதிரச்செய்து ஒலி எழுப்புவன என்பது அறிவியல் கண்ட உண்மை. மட்டக்களப்பில் பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கோ இன்னும் தீரவில்லை.

ஆளுநர் மனிங் அவர்களின் மனைவியார் பெயரால் 1924இல் அமைந்த பழைய இரும்புப் பாலமும், 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் இப்போது பக்கம் பக்கமாக நிற்கின்றன. வாகன ஓசை அடங்கிய பின்னரே பாட்டுக்குக் காதுகொடுக்க இயலும். சென்ற சித்திரை கழிந்து வந்த ஒரு பௌர்ணமி இரவில், எமக்குப் பழக்கமான ஒரு வலைஞரின் தோணியில் நாங்கள் மூவரும் ஏறினோம். 2004இன் பின்னர் எம் மனைவி பௌர்ணமி நிலவில் நீரருகே வந்தது அதுவே முதன்முறை. பிள்ளைக்கு மிதவை அங்கி அணிவித்திருந்தோம். தோணியேறும் எல்லாக் குடும்பத்தாரும் இவ்விதியைக் கைக்கொள்ள வேண்டுமென்று வற்புறுத்திச் சொல்கிறோம்.

“சேர், துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு இந்த நுனியில காதை வையுங்க. கதைக்கப்படாது” என்றார் வலைஞர்.

முதலில் மகள் காது வைத்தாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு நேரம் பேசாதிருந்ததை நாம் கண்டதில்லை. கடைசியில் தலை நிமிர்ந்து, “இது பாட்டு இல்ல அப்பா. ஆரோ பாட வெளிக்கிட்டுத் தொண்டையைச் செருமுறாங்க” என்றாள். வலைஞர் சிரித்துவிட்டார். எமக்கும் கேட்டது ஏதோ ஒன்று. ஈரக் கிண்ணத்தின் விளிம்பை விரலால் தேய்த்தாற்போன்ற ஓர் ஒலி. அது மீனோ, ஊரியோ, இரும்புத் தூணில் மோதும் நீரோ, யாரறிவார்!

பிறகு எம் மனைவி துடுப்பை வாங்கிக்கொண்டாள். நிலவு நடுவானுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தாள். என்ன கேட்டதென்று நாம் கேட்கவில்லை. மகளும், என்ன விந்தையோ, கேட்கவில்லை.

செலவைப் பற்றிச் சிலர் வினவுவதுண்டு. பஸ் கட்டணம், கட்டுச்சோறு, ஒரு சட்டித் தயிர், தோணிக்காரருக்குக் கொடுப்பது ஆகியவையே எமது விடுமுறை நாட்களின் செலவுகள். ஆசிரியர் சம்பளத்தில் அடங்காதது எதுவுமில்லை. பிள்ளைகளுக்குத் தம் நாட்டைக் காட்டப் பெரும்பொருள் வேண்டாம்; அவர்கள் கேட்கும் வினாவுக்கு நின்று விடை சொல்லும் பொறுமையே வேண்டும். சொல்வதற்குக் கடினமான விடைகளும் அவற்றுள் இருக்கும். அவற்றையும் பிள்ளையின் வயதுக்கேற்பச் சொல்லிவிடல் நலம். சிமெலுவேத் தீவின் பாட்டிமார் அவ்வாறு செய்தபடியாலேயே அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்றும் வாழ்கிறார்கள்.

தோணி கரையை அண்டியபோது மகள் தாயின் மடியிற் சாய்ந்திருந்தாள். உறங்கிவிட்டாள் என்றே நினைத்தோம். வடக்கே, இருளும் நிலவும் கலந்த இடத்தில், நாவலடித் தென்னைகள் கறுத்துத் தெரிந்தன. எம் மனைவி அப்பக்கம் பார்த்தபடியே, “அங்க ஒரு நாவல் மரம் நிண்டது. அம்மப்பா அதில ஊஞ்சல் கட்டித் தந்தவர். வாற ஞாயிற்றுக்கிழமை போவம், எந்த இடமெண்டு காட்டுறன்” என்றாள்.

“மறுகா?” என்றாள் மகள், கண்ணைத் திறவாமலே.